ஜெயிலைக் காட்டினால் பையன் திருந்துவானா? செட்டிநாட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பூட்டிக் கிடக்கிற வீட்டில் திருடு போனது வெளியே தெரியவே எங்கள் பக்கம் ஆறு மாதம் ஆகும். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற அளவுக்குப் பெரிய வீடுகள், உள்ளே வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும், ஆனால் ஆள் இருக்காது. பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு ஊரில், சிலர் மலேசியாவில், சிலர் சிங்கப்பூரில். கல்யாணம், பொங்கல் என்றால்தான் பூட்டு திறக்கும். அப்படி ஒரு பொங்கலுக்குத் திறந்தபோது வெண்கலப் பானைகளும் இனாமல் தூக்குகளும் கதவுகளில் இருந்த பித்தளைக் குமிழ்களும் போயிருந்தன. எடுத்தது ஊர்ப் பையன்கள், 9 பேர், 15 வயதிலிருந்து 17 வயது வரை. பழைய சாமான் வாங்கும் வெளியூர் ஆள் ஒருவர் எடைக்கு எடை காசு கொடுத்திருக்கிறார். அந்த 9 பேரில் 4 பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள்.

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சட்டத்தோடு சிக்கிய சிறுவர்களின் அடையாளம் வெளியே வரக்கூடாது என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது, சட்டம் சொல்லாவிட்டாலும் நான் சொல்லமாட்டேன். விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போனது, அங்கே அறிவுரை சொல்லி பெற்றோர் பொறுப்பில் அனுப்பினார்கள், பாதிக்கு மேல் சாமான் திரும்பி வந்தது. அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஊரில் சில பேர், இந்தப் பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டால் அடுத்தது பெரிதாகச் செய்வார்கள், நாமே ஏதாவது செய்ய வேண்டும் என்று கூடினோம். என்ன செய்ய முடிவெடுத்தோம், எதைப் படித்ததும் அதை மாற்றினோம், மாற்றியது சரிதானா என்று இப்போது எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதைத்தான் இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன்.

முதல் கூட்டத்தில் வழி சொன்னவர் ஓய்வுபெற்ற ஏட்டையா. நல்ல மனிதர், இந்தப் பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். "ஒரு நா மதுரை ஜெயிலக் காட்டிக் கூட்டிட்டு வந்துருவோம் டீச்சர். ஆயுள் கைதி ரெண்டு பேரப் பேசச் சொல்லுவோம். பயலுக அங்கனயே அழுதுருவாய்ங்க." கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். திருடு போன வீட்டுப் பங்காளிகளில் ஒருவரான செட்டியார் ஐயா வேன் வாடகையும் மதியச் சாப்பாடும் தன் பொறுப்பு என்றார். செலவு குறைவு, ஒரே நாளில் முடியும், பார்த்தவுடன் பலன் தெரியும். பையன் அழுதால் திருந்திவிட்டான் என்று நம் கண்ணே சொல்லும். இதைவிட நல்ல திட்டம் எது?

அனுமதி கேட்டு மனு எழுதும் வேலை எனக்கு வந்தது. அதில் "இதனால் விளையும் நன்மை" என்று ஒரு பத்தி எழுத வேண்டுமே என்று, வேறு எங்காவது இப்படிச் செய்து பலன் கண்டிருக்கிறார்களா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு நாள் படித்ததும் மனுவை நிறுத்திவிட்டேன்.

நாங்கள் யோசித்த அதே திட்டத்தை அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து ராவே சிறையில் 1976லேயே தொடங்கியிருக்கிறார்கள். ஆயுள் தண்டனைக் கைதிகள் குழுவாகச் சேர்ந்து, தப்பு வழியில் போகும் பிள்ளைகளை உள்ளே வரவழைத்து, சிறைக்குள் என்னென்ன நடக்கும் என்று முகத்துக்கு நேரே கத்திச் சொல்வார்கள். 1978ல் அதைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்து ஆஸ்கரும் வாங்கியது. படத்தில் வந்த பிள்ளைகள் 17 பேர், அதில் 16 பேர் மூன்று மாதமாக எந்த வம்புக்கும் போகவில்லை என்று சொன்னார்கள். நாடு முழுக்க இதே மாதிரி திட்டங்கள் கிளம்பின. 17க்கு 16 என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபின்கெனாவர் என்ற ஆய்வாளர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். போகாத பிள்ளைகள் என்ன ஆனார்கள்? ராவேக்குப் போன 46 பேரையும் அதே மாதிரியான, ஆனால் போகாத 35 பேரையும் எடுத்து ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தார். போகாதவர்களில் மறுபடி குற்றத்தில் சிக்கியவர்கள் 11.4 சதவீதம், அதாவது 35ல் 4 பேர். போனவர்களில் 41.3 சதவீதம், 46ல் 19 பேர்.

எண்கள் இடம் மாறி அச்சாகிவிட்டதோ என்று திரும்பத் திரும்பப் படித்தேன். மாறவில்லை. சிறையைப் பார்த்துப் பயந்து வந்தவர்கள்தான் அதிகமாகச் சிக்கியிருக்கிறார்கள். இரண்டு குழுவாகப் பிரித்ததில் சில இடங்களில் ஒழுங்கு தவறியிருக்கிறது, அதை வைத்து அந்த ஆய்வைக் குறை சொன்னவர்களும் உண்டு. அந்த ஓர் ஆய்வு மட்டும் என்றால் நானும் ஒதுக்கியிருப்பேன். ஆனால் ராவே தொடங்குவதற்கு 9 வருஷம் முன்னாலேயே, 1967ல், மிச்சிகன் மாநிலத்துச் சிறைத்துறை இதே போலச் சிறுவர்களைச் சிறைக்குக் கூட்டிப் போய் சோதித்திருக்கிறது. போனவர்களில் 43 சதவீதம் மறுபடி சிக்கினார்கள், போகாதவர்களில் 17 சதவீதம். அந்தக் கணக்கைப் பார்த்திருந்தால் பின்னால் வந்த எத்தனையோ பிள்ளைகள் தப்பியிருப்பார்கள். ஆய்வு செய்யாமல் விட்டதால் வந்த தவறு இல்லை இது, செய்த ஆய்வை எடுத்துப் படிக்காததால் வந்த தவறு. எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

2002ல் ஆந்தனி பெட்ரோசினோவும் கூட்டாளிகளும், 1967 முதல் 1992 வரை நடந்த இப்படிப்பட்ட 9 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அத்தனையும் சீட்டுப் போட்டதைப் போல, யார் போவது யார் போகாமல் இருப்பது என்று தற்செயலாகப் பிரித்துச் செய்தவை. சேர்த்துக் கூட்டினால் மொத்தமாகத் தீமை. 2013ல் மறுபடி புதுப்பித்துப் பார்த்தபோதும் அதே முடிவு, இந்தப் பிள்ளைகளை ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருப்பார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று அந்த ஆய்வுகளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் 20 வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்றவளுக்கு ஊகிக்க முடிகிறது. சேட்டைக்காரப் பையன்கள் 9 பேரை ஒரே வேனில் ஏற்றினால் அந்தப் பயணத்தில் அவர்களுக்குள் ஒரு கூட்டு உண்டாகும். மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிற ஆயுள் கைதி நமக்குப் பாவமாகத் தெரிவார், 16 வயசுப் பையனுக்குக் கதாநாயகனாகத் தெரியலாம். "நீ இங்கேதான் வரப்போகிறாய்" என்று ஊரே கூடிச் சொன்னால், சில பிள்ளைகள் அதையே தன் விலாசமாக எடுத்துக்கொள்வார்கள்.

சரி, அப்படியென்றால் படத்தில் வந்த அந்த 17க்கு 16 பொய்யா? பொய் இல்லை, ஒப்பிட ஆள் இல்லாத கணக்கு. காய்ச்சல் ஏறி உச்சத்துக்குப் போன ராத்திரியில்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேப்பிலை அடிக்கப் போவோம். மறுநாள் காய்ச்சல் இறங்கும். போகாத வீட்டுப் பிள்ளைக்கும் பாதிப் பேருக்கு மறுநாள் இறங்கியிருக்கும், அதை யாரும் எண்ணுவதில்லை. பையன் பிடிபடுவது அவன் சேட்டை உச்சத்தில் இருக்கும்போது, அதற்கப்புறம் குறைவதுதான் இயல்பு. பதின்ம வயதில் ஏறுகிற குற்றம் இருபதுகளில் தானாக இறங்குகிறது என்பதைப் பல நாட்டுக் கணக்குகள் காட்டியிருக்கின்றன. இறங்குகிற நேரத்தில் நாம் எதைச் செய்தாலும் அது பலித்த மாதிரித் தெரியும்.

இரண்டாவது கூட்டத்தில் இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஏட்டையாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "எஞ் சர்வீஸ்ல ஜெயிலப் பாத்துத் திருந்துன பயலுக இருக்காய்ங்க டீச்சர், பேர் சொல்லவா?" என்றார். அவர் சொல்வது உண்மை. அதனால்தான் அவருக்குப் பதில் சொல்வது கஷ்டம். ஃபின்கெனாவர் கணக்கில் போய் வந்தவர்களிலும் 27 பேர் ஆறு மாதம் நல்லபடியாகத்தான் இருந்தார்கள், அதில் யாரைக் கேட்டாலும் ஜெயில்தான் என்னைத் திருத்தியது என்று சத்தியமாகச் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஜெயிலையே பார்க்காத 35 பேரில் 31 பேர் சும்மா இருந்தார்களே, அவர்களை யார் திருத்தினார்கள் என்று கேட்டேன். ஏட்டையா ரொம்ப நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம், "அப்ப வேனு வேணாம்" என்றார். 30 வருஷ அனுபவத்தைத் தள்ளி வைத்து ஒரு கணக்கை ஏற்றுக்கொண்ட மனிதர் அவர், அந்தப் பெருந்தன்மை எல்லோருக்கும் வராது.

ஜெயில் வேண்டாம் என்றதும் கூட்டத்தில் இன்னொரு குரல் வந்தது. அப்படியானால் எதைச் செய்தும் பிரயோஜனம் இல்லை, திருடுகிறவன் திருடிக்கொண்டுதான் இருப்பான். இந்தப் பேச்சுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1974ல் ராபர்ட் மார்ட்டின்சன் என்பவர், கைதிகளைத் திருத்தும் திட்டங்களைப் பற்றிய 231 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, எதுவும் பெரிதாக வேலை செய்யவில்லை என்கிற மாதிரி ஒரு கட்டுரை எழுதினார். "எதுவும் பலிக்காது" என்பது அமெரிக்காவில் கிட்டத்தட்டக் கொள்கையாகவே ஆகிவிட்டது. 1979ல் அவரே, சில திட்டங்கள் பலன் தருகின்றன என்று தன் முடிவைத் திருத்தி எழுதினார், அதை அவ்வளவு பேர் காதில் வாங்கவில்லை. ஜெயிலைக் காட்டினால் திருந்துவான் என்பதும் ஒருவரும் திருந்தமாட்டார் என்பதும் கணக்கைப் பார்க்காமல் வருகிற பேச்சுதான்.

பலன் தருபவை இருக்கின்றன. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2013ல் சிறைக் கல்வியைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தது. செம்மையாகச் செய்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், சிறைக்குள் படித்தவர்கள் திரும்பக் குற்றத்துக்குப் போகும் விகிதம் 13 சதவீதப் புள்ளி குறைகிறது, கல்விக்குச் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் மூன்று வருஷத்தில் மறுபடி சிறையில் வைக்கும் செலவு 4 முதல் 5 டாலர் மிச்சம். (இதையே "43 சதவீதம் குறைவு" என்றும் எழுதுகிறார்கள். அது சிக்குவதற்கும் சிக்காமல் இருப்பதற்கும் உள்ள விகிதத்தை வைத்துச் சொல்வது. 100 பேரில் 43 பேர் கூடுதலாகத் திருந்தினார்கள் என்று படித்துவிடாதீர்கள், 13 பேர்.) மூன்று வருஷம் என்றதும் செட்டியார் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆள் அனுப்பிக் கடை வைத்த காலத்தில் ஒரு கணக்கு என்பதே மூன்று வருஷம்தான், போன ஆள் மூன்று வருஷம் கழித்து ஊருக்கு வந்து ஐந்தொகை, அதாவது சொத்து, கடன் எல்லாம் சேர்ந்த இறுதிக் கணக்கு, காட்டுவார், அதற்கு முன்னால் லாபமா நட்டமா என்று யாரும் பேசமாட்டார்கள் என்றார். எங்கள் கூட்டத்துக்கு இந்த ஆய்வெல்லாம் புரிய ஆரம்பித்தது அந்த வார்த்தைக்குப் பிறகுதான்.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு சின்னது. 9 பேரையும் ஒன்றாகச் சேர்த்து எதுவும் செய்வதில்லை. கூட்டாளிகளுக்காகக் கூடவே போய் வாசலில் நின்ற 3 பேரை, அதுவரை எந்த வம்புக்கும் போகாதவர்கள், பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறவர்கள், அவர்களை ஒன்றுமே செய்யாமல் வீட்டோடு விட்டுவிடுவது. இதைத்தான் ஊரில் ஒத்துக்கொள்ள வைப்பது கஷ்டமாக இருந்தது. ஆனால் கனடாவின் ஆண்ட்ரூஸ், பாண்டா ஆகியோர் 1990ல் எழுதியதிலிருந்து திரும்பத் திரும்ப வருகிற முடிவு இது. ஆபத்து அதிகம் உள்ளவர்களிடம்தான் உழைப்பைக் கொட்ட வேண்டும், ஆபத்து குறைவானவனைப் பிடித்து இழுத்து மற்றவர்களோடு உட்கார வைத்தால் அவன் கெட்டுப்போகத்தான் வழி. மீதி 6 பேருக்கும் ஆளுக்கொரு பெரியவர். படிப்பை விட்ட 3 பேரைத் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வைப்பது, சாயங்காலம் தொழில் பழக்குவது. ஒருவன் பழைய கதவு, நிலை பழுது பார்க்கும் ஆசாரியிடம், ஒருவன் மின்வேலைக்காரரிடம், இப்படி.

பெரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டோம், இனி நல்லதுதான் நடக்கும் என்று இருந்துவிடக் கூடாது என்பதற்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்று இரண்டு ஊர்கள். 1939ல் அங்கே 506 சிறுவர்களை ஒரே மாதிரி இருக்கும் ஜோடிகளாகப் பிரித்து, ஜோடிக்கு ஜோடி காசு சுண்டி, ஒருவனுக்கு ஆலோசகர், டியூஷன், வைத்தியம், கோடை முகாம் என்று சராசரியாக ஐந்து வருஷம் பார்த்துக்கொண்டார்கள், இன்னொருவனை அப்படியே விட்டார்கள். 30 வருஷம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற அம்மையார் கிட்டத்தட்ட அத்தனை பேரையும் தேடிப்பிடித்து விசாரித்தார். உதவி பெற்றவர்களில் பதில் சொன்னவர்கள் மூன்றில் இரண்டு பங்குப் பேர், அது தங்களுக்கு நல்லது செய்தது என்றார்கள். ஆனால் பதிவேடுகள் சொன்னது வேறு. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றம், குடி, நோய், சீக்கிரச் சாவு எல்லாவற்றிலும் உதவி பெற்றவர்கள்தான் மோசமாக இருந்தார்கள். கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போனவர்கள் விஷயத்தில் தீமை இன்னும் அதிகமாகத் தெரிந்தது. அவ்வளவு அன்பாக, அவ்வளவு வருஷம் செய்தது! இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் செய்யப் போவதும் அன்பாகத்தானே, அது மட்டும் தீங்கு செய்யாது என்று யார் சொன்னது?

அதனால் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் போட்டோம். முதல் பக்கத்தில் எழுதியவை நான்கே விஷயம். மறுபடி தவறு என்று எதைச் சொல்வோம் (காவல் நிலையத்துக்குப் புகார் வருவது மட்டும், ஊரில் அடிபடுகிற பேச்சு கணக்கில் சேராது). எவ்வளவு காலம் பார்ப்போம் (18 மாதம்). யார் எழுதுவார்கள் (பையனைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் எழுதக்கூடாது, ஏனென்றால் அவருக்குத் தன் பையன் நல்லவனாகத்தான் தெரிவான், அதனால் நானும் கூட்டத்தில் இருந்த வழக்கறிஞரும்). நடுவில் விட்டுப் போனவனை என்ன செய்வது. கடைசி வரிக்கு நேரே "சேர்த்தே எண்ணுவது" என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அந்த ஒரு வரியில்தான் பின்னால் சண்டை வந்தது.

நான்காவது மாதம் ஒரு பையன் யாரிடமும் சொல்லாமல் திருப்பூருக்குப் போய்விட்டான். அங்கே ஒரு கைபேசித் திருட்டில் மாட்டிக்கொண்டான் என்று செய்தி வந்தது. அவன் நம்மிடம் முழுசாக இருக்கவே இல்லையே, அவனை எதற்கு நம் கணக்கில் வைக்க வேண்டும், கடைசி வரை இருந்த 5 பேரைச் சொன்னால் போதாதா என்று கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, மனசார அப்படித்தான் நினைத்தார்கள். எந்தத் திட்டத்திலும் இது நடக்கும். பாதியில் போகிறவன் பெரும்பாலும் சிக்கலில் இருக்கிறவன், அவனைக் கழித்துவிட்டால் மீதி எல்லோரும் நல்லவர்களாகத்தான் தெரிவார்கள், அப்புறம் எந்தத் திட்டமும் தோற்கவே தோற்காது. இதை நான் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே செட்டியார் ஐயா பேசினார். "வராக்கடனை விட்டுட்டு ஐந்தொகை போட முடியுமா டீச்சரம்மா? கொடுத்தது கொடுத்ததுதானே. பயல் பேரு நோட்டுல இருக்கட்டும்." இருக்கிறது.

இப்போது 13 மாதம் முடிந்திருக்கிறது. 6 பேரில் 2 பேர் மறுபடி புகாரில் வந்திருக்கிறார்கள், திருப்பூர்ப் பையனையும் சேர்த்துத்தான். தனித்தேர்வு எழுதிய 3 பேரில் ஒருவன் பாஸ். ஒன்றும் செய்யாமல் விட்ட 3 பேர் பேரில் எதுவும் இல்லை. இதிலிருந்து எங்கள் திட்டம் நல்லது என்றோ கெட்டது என்றோ ஒருவரும் முடிவு கட்டக்கூடாது. 6 பேரில் ஒரு பையன் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்தால் கணக்கு கிட்டத்தட்ட 17 சதவீதம் மாறிவிடும். ஊர்த் திருவிழா மேடையில் இதைச் சாதனையாகப் பேசக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

அப்புறம் வந்தது நான் எதிர்பார்க்காத ஒன்று. பக்கத்தில் நாலு ஊர்க்காரர்கள் தங்கள் பையன்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வந்தது 22 பேர், எங்களிடம் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது 11 பேருக்கு. யாரைச் சேர்ப்பது? முதலில் வந்தவர் என்றால் விவரமான பெற்றோரின் பிள்ளைதான் சேரும், நாமே பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தேறுகிறவனைத்தான் எடுப்போம், சிபாரிசு என்றால் கேட்கவே வேண்டாம். திருவுளச் சீட்டுப் போடலாம் என்றேன். சாமி முன்னால் சீட்டெழுதிக் குலுக்கிப் போட்டுச் சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வது நம் ஊர்களில் எல்லோருக்கும் பழக்கம், யாரும் அதைக் குறை சொல்லமாட்டார்கள். சீட்டு விழாத 11 பேருக்கு ஆறு மாதம் கழித்து இடம். ஒரு தாய் மட்டும், "எம் பிள்ளைய மட்டும் காக்கப் போடுறது நியாயமா டீச்சர்?" என்று கேட்டார். நாங்கள் தருவது நல்லது என்று எங்களுக்கே இன்னும் தெரியாதம்மா, தெரிந்துகொள்ளத்தான் இது, எப்படியும் 11 பேருக்குத்தான் இடம் என்றால் சிபாரிசைவிடச் சீட்டு நியாயம் இல்லையா என்று சொன்னேன். யோசித்துவிட்டுச் சம்மதித்தார். பெற்றோரும் பையனும் சம்மதித்த பிறகுதான் பெயரைச் சீட்டில் எழுதினோம்.

பெரிய பெரிய ஆய்வுகளில் செய்வதும் இந்தச் சீட்டைத்தான். சீட்டு விழுந்த பையனுக்கும் விழாதவனுக்கும் வேறுபாடு அதிர்ஷ்டம் ஒன்றுதான், அதனால் ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் கிடைக்கிற பதில், நாம் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தவர்களை வைத்துச் சொல்கிற பதிலைவிட நேர்மையாக இருக்கும். ஆனாலும் 11க்கு 11 போதாது. ஒரே ஊர்க் கணக்கு என்பதும் போதாது. ஹவாயில் 2004ல் ஸ்டீவன் ஆல்ம் என்ற நீதிபதி ஒரு முறை கொண்டுவந்தார், நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கிறவர் விதியை மீறினால் உடனே, ஆனால் சில நாள் மட்டும், சிறை. 2009ல் வந்த ஆய்வில் பலன் அபாரமாக இருந்தது. அதையே அமெரிக்காவில் வேறு நாலு இடத்தில், 1,500 பேருக்கு மேல் வைத்துச் செய்து பார்த்தார்கள், 2016ல் முடிவு வந்தது, மறுபடி கைதாவதில் வேறுபாடு இல்லை. ஒரு கண்மாயில் மீன் பட்டது என்பதற்காக அதே வலையோடு எல்லாக் கண்மாய்க்கும் போக முடியாது. அமெரிக்காவில் பலித்ததும் பலிக்காததும் சிவகங்கை மாவட்டத்தில் என்ன ஆகும் என்பதை இங்கேதான் எண்ணிப் பார்க்க வேண்டும், அதற்குச் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்ட நன்னடத்தை அலுவலர்களும் ஒரே மாதிரி நோட்டுப் போட்டால் ஒரு வருஷத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் கணக்கு சேரும்.

சிறைகளுக்கும் இதே பேச்சுதான். காளையார்கோவில் பக்கம் புரசடைஉடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது, நன்னடத்தை பார்த்துத் தேர்ந்தெடுத்த தண்டனைக் கைதிகள் அங்கே விவசாயம் பார்க்கிறார்கள். அப்படி ஒரு இடம் நம் மாவட்டத்தில் இருப்பது எனக்குப் பெருமை. ஆனால் நாளைக்கு யாராவது, திறந்தவெளிச் சிறையிலிருந்து போனவர்கள் மத்திய சிறையிலிருந்து போனவர்களைவிடக் குறைவாகத்தான் திரும்பி வருகிறார்கள், அதனால் இது பலிக்கிறது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நல்லவர் என்று பார்த்துத்தானே அனுப்பினார்கள், அவர்கள் எங்கே இருந்தாலும் திரும்பி வந்திருக்கமாட்டார்களோ என்னமோ. தகுதி இருந்தும் இடம் இல்லாததால் மதுரையிலேயே இருந்துவிட்டவர்களோடு ஒப்பிட்டுச் சொன்னால் கேட்பேன். அதே மாதிரி, சிறைக்குள் வருகிறவர்களில் எத்தனை பேர் முன்பே வந்தவர்கள் என்று எண்ணுவது வேறு, வெளியே போனவர்களைப் பின்தொடர்ந்து மூன்று வருஷம் எண்ணுவது வேறு. திட்டம் பலித்ததா என்று சொல்வது இரண்டாவது கணக்குதான்.

யாரை எண்ணுவது என்பதும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், 75.8 சதவீதம். தண்டனைக் கைதிக்கு என்று போடுகிற தொழிற்பயிற்சி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நாலில் மூன்று பேருக்கு மேல் அதற்கு வெளியே நிற்கிறார்கள்.

இப்போது ஒரு நல்ல சமயம் வாய்த்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவை ஒரு தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டில் முதல் தடவை தண்டனை பெறுகிறவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவை. எங்கள் பையன்கள் 18 வயது தாண்டி ஒரு சின்னத் திருட்டில் பிடிபட்டிருந்தால் அவர்களுக்கு வந்திருக்கக்கூடிய தண்டனை. எனக்கு இது பிடித்திருக்கிறது, மனசார நல்லது என்று நினைக்கிறேன், அதனாலேயே இதை முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும் என்கிறேன். யாருக்குக் கொடுத்தார்கள், எத்தனை மணி நேரம், முடித்தார்களா, மூன்று வருஷத்தில் திரும்பி வந்தார்களா, அதே மாதிரிக் குற்றத்துக்கு அபராதமோ சிறையோ பெற்றவர்கள் என்ன ஆனார்கள். பத்து வருஷம் கழித்துத் தேடினால் பழைய கோப்பில் இது கிடைக்காது, இன்றைக்கே ஒரு கட்டம் போட்டு வைத்தால் கிடைக்கும்.

எங்கள் முதல் நோட்டின் 18 மாதம் முடிய இன்னும் 5 மாதம் இருக்கிறது, இரண்டாவது நோட்டு போன மாதம்தான் தொடங்கியது. ஏட்டையாதான் இப்போது சீட்டு விழாத 11 பேர் வீட்டுக்கும் மாதம் ஒரு தடவை போய், அறிவுரை எதுவும் சொல்லாமல், எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறார். தேவகோட்டை, திருப்பத்தூர், கோட்டையூர்ப் பக்கம் யாராவது பிள்ளைகளை ஜெயில் பார்க்கக் கூட்டிப் போக வேன் பேசிக்கொண்டிருந்தால், தயவுசெய்து அதற்கு முன் ஒரு தடவை என்னோடு பேசுங்கள். நோட்டின் முதல் பக்கத்தை அப்படியே அனுப்புகிறேன், நீங்களும் அதே நான்கு கேள்விகளோடு தொடங்கினால் நம் இரண்டு ஊர்க் கணக்கையும் சேர்த்துப் பார்க்க முடியும்.